திறப்பு விழாவுக்கு வராதவர்கள்

1964 அக்டோபர் 1, காலை 6 மணி. டோக்கியோ ரயில் நிலையத்தில் ரிப்பன் வெட்டி, வாத்தியம் முழங்க, உலகின் முதல் புல்லட் ரயிலை ஒசாகாவுக்கு வழியனுப்பினார்கள். ஒலிம்பிக் போட்டி தொடங்க இன்னும் 9 நாள்தான் இருந்தது. அதுவரை ஆறரை மணி நேரம் பிடித்த பயணம் 4 மணி நேரமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே 3 மணி 10 நிமிடம் ஆனது. போரில் தோற்றுச் சாம்பலாகிக் கிடந்த நாடு, 20 ஆண்டுக்குள் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விடுகிறது. கொண்டாட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

அந்த மேடையில் நின்றிருக்க வேண்டிய இரண்டு பேர் அன்று வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஷிஞ்ஜி சோகோ. ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக இருந்து, பிடிவாதம் பிடித்து இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர். இன்னொருவர் அதன் தலைமைப் பொறியாளர் ஹிடேயோ ஷிமா. முதல் ரயில் புறப்பட்ட விழாவுக்கு இருவருக்குமே அழைப்பு போகவில்லை.

நம் ஊராக இருந்தால் அன்று மாலைக்குள் ஓர் அறிக்கை வந்திருக்கும்: "அடிக்கல் நாட்டியது நாங்கள், இவர்கள் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டுகிறார்கள்." ஜப்பானில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர்கள் ஏன் அழைக்கப்படவில்லை என்பது அங்கே பலருக்கும் புரிந்தே இருந்தது.

ஒரு திட்டம் ஜெயித்ததா தோற்றதா என்று கேட்டால், மேலாண்மைப் பாடம் மூன்று அளவுகோல்களை நீட்டும். சொன்ன நேரத்தில் முடிந்ததா, சொன்ன செலவில் முடிந்ததா, சொன்ன வேலை சொன்னபடி முடிந்ததா. இந்த முக்கோணத்தை வைத்து அளந்தால் எந்த நாட்டிலும் ஒரே விடை வர வேண்டும். வருவதில்லை. நான் பார்த்தவரை, ஒரு சமூகம் உண்மையில் கேட்பது வேறு கேள்வி: இந்தத் தோல்வியை யார் கணக்கில் எழுதுவது? வெற்றியை யார் கணக்கில் வரவு வைப்பது? முக்கோணம் எங்கும் ஒன்றுதான். கணக்கு எழுதும் முறைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

சோகோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 1955-ல் ரயில்வே தலைவர் பதவிக்கு வந்தபோது அவருக்கு வயது 71. தண்டவாளத்தைத் தலையணையாக வைத்து உயிர்விடவும் தயார் என்று சொல்லித்தான் பதவியேற்றார் என்பார்கள். அப்போது உலகம் முழுவதும் ரயிலுக்கு வயதாகிவிட்டது, இனி விமானமும் நெடுஞ்சாலையும்தான் என்ற பேச்சு. ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீட்டர் அகலம். அவற்றை ஒட்டுப்போடாமல், 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் தனியாக ஒரு புதிய பாதை போட வேண்டும் என்றார் சோகோ. சீனப் பெருஞ்சுவர், பிரமிடு, யமாடோ போர்க்கப்பல் வரிசையில் இன்னொரு வீண்வேலை என்று கேலி செய்தார்கள்.

உண்மைச் செலவைச் சொன்னால் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். அதனால் தெரிந்தே குறைத்துச் சொன்னார். சுமார் 20,000 கோடி யென் என்று காட்டினார். 1959 ஏப்ரலில் வேலை தொடங்கியது. அரசு நடுவில் கையைக் கழுவிவிடாமல் இருக்க இன்னொரு காரியமும் நடந்தது. 1961-ல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். மொத்தச் செலவில் அது சிறிய பங்குதான். ஆனால் வெளியாரிடம் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியபின் திட்டத்தைப் பாதியில் விட்டால் நாட்டுக்கே தலைகுனிவு. பணத்தைவிட அந்தக் கையெழுத்துதான் வேலை செய்தது. வீட்டுக்குள் கொடுத்த வாக்கை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், வெளியில் கொடுத்ததை மீற முடியாது என்பதைத் துல்லியமாகப் புரிந்துகொண்ட யாரோ போட்ட முடிச்சு அது.

கடைசியில் செலவு 38,000 கோடி யென்னைத் தொட்டது. உண்மை வெளியே வந்தது. 1962-ல் மிகாவாஷிமாவில் ரயில்கள் மோதி 160 பேர் இறந்த துயரமும் சேர்ந்துகொண்டது. 1963 மே மாதம் சோகோ பதவியிலிருந்து விலகினார். அவர் போனதும் ஷிமாவும் விலகிவிட்டார். ஷிமா மேல் யாரும் குற்றம் சுமத்தவில்லை. தன்னை அழைத்துவந்தவர் போகும்போது தானும் போவதே முறை என்று போனார்.

ஜப்பானியர்கள் இதற்கு 'செகினின் ஓ தோரு' என்பார்கள். பொறுப்பை எடுத்துக்கொள்வது என்று பொருள். தவறு நேரடியாகத் தன்னுடையதா இல்லையா என்பது அதில் இரண்டாம்பட்சம். தலைமையில் இருப்பவர் எழுந்து, குனிந்து, வெளியேறுவார். இதில் எனக்கு வியப்பாக இருப்பது, அந்த வெளியேற்றத்துக்குப் பின் நடந்ததுதான். மீதிப் பணம் ஒதுக்கப்பட்டது, வேலை நிற்கவில்லை, 16 மாதத்தில் ரயில் ஓடியது. வாக்குத் தவறியது சோகோவின் பேரில் பற்று எழுதப்பட்டு, அவர் விலகியதோடு அந்தப் பக்கம் மூடப்பட்டுவிட்டது. ரயில் கறையில்லாமல் நாட்டின் வெற்றியானது. ஆளையும் திட்டத்தையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதும் பழக்கம் என்று இதைச் சொல்லலாம். கொடுமையானதுதான், ஆனால் திட்டங்களைக் காப்பாற்றும் பழக்கம்.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். எழுபது ஆண்டாகியும் அதைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி வரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடிக்கடி நடக்கிற காரியமாக இருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். சிட்னி ஓப்பரா ஹவுஸ், சிப்பி சிப்பியாகக் கூரை கவிழ்த்த இசை, நாடக அரங்கம். 1957-ல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் ஜெயித்தார். செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963-ல் முடிந்துவிடும் என்றார்கள். முடிந்தது 1973-ல். செலவு 10 கோடியே 20 லட்சம். அதாவது பத்தாண்டு தாமதம், பதினான்கு மடங்குக்கும் மேல் செலவு. முக்கோணத்தின்படி இதைவிட மோசமான மதிப்பெண் வாங்குவது கடினம்.

இங்கேயும் முதல் பொய் அரசியல் பொய்தான். மாநில முதல்வர் ஜோசப் காஹில், ஆட்சி மாறினால் திட்டம் கிடப்பில் போய்விடும் என்று அஞ்சி, வரைபடங்கள் முழுசாக முடியும் முன்பே 1959-ல் வேலையைத் தொடங்கச் செய்தார். அந்தச் சிப்பிக் கூரையை எப்படிக் கட்டுவது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக்கலாம் என்ற வழி 1961-ல்தான் பிறந்தது. காஹில் 1959-லேயே இறந்துவிட்டார். 1965-ல் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணித்துறை அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் ஒவ்வொரு ரசீதையும் கேள்வி கேட்டார், பணத்தை நிறுத்தினார். 1966 பிப்ரவரி கடைசியில் உட்சன் விலகினார். ஏப்ரலில் நாட்டை விட்டே போனார். 2008-ல் இறக்கும்வரை, தான் வடிவமைத்த கட்டடத்தை முடிந்த கோலத்தில் அவர் நேரில் பார்க்கவேயில்லை. 1973 அக்டோபர் 20-ல் எலிசபெத் அரசி அதைத் திறந்துவைத்தபோது மேடையில் அவர் பெயர்கூட ஒலிக்கவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் டோக்கியோவும் சிட்னியும் ஒரே கதைதான். குறைத்துச் சொன்ன செலவு, விலகிய தலைவர், அவர் இல்லாத திறப்பு விழா. ஆனால் விலகல் நடந்த விதம் வேறு. சிட்னியில் அது தெருச் சண்டை. உட்சனைத் திரும்பக் கொண்டுவா என்று கட்டடக் கலைஞர்களும் மாணவர்களும் சுமார் ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அமைச்சர் பக்கம் ஒரு கூட்டம், கலைஞர் பக்கம் ஒரு கூட்டம். மக்கள் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் வெளியே போகட்டும் என்பது ஒரு வாதம். மேதையை ரசீதால் அளக்காதே என்பது எதிர்வாதம். செலவின் பெரும்பகுதி வரிப்பணத்தில் வரவில்லை என்பது இதில் வேடிக்கை. அதற்காகவே நடத்திய லாட்டரியிலிருந்து வந்தது.

யார் பேரில் பற்று எழுதுவது என்பது அங்கே தீரவேயில்லை. அதனால் பழைய கணக்கைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டே இருந்தார்கள். 1999-ல் உட்சனோடு சமாதானம் செய்து, கட்டடத்தின் எதிர்கால மாற்றங்களுக்கான கோட்பாடுகளை எழுதித் தரச் சொன்னார்கள். 2003-ல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு. 2004-ல் உள்ளே ஓர் அறைக்கு அவர் பெயர். 2007-ல் உலகப் பாரம்பரியச் சின்னம். இன்று சிட்னியில் போய் இது தோல்வியடைந்த திட்டம் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது கலாசாரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றிவிடும். அதற்கு ஒரு துறையே உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் குணத்துக்கு இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, ஆஸ்திரேலியாவுக்கு 36, ஜெர்மனிக்கு 35. அடுத்து என்ன நடக்குமோ என்ற நிச்சயமின்மையைக் கண்டு மிரளும் குணத்துக்கு ஜப்பானுக்கு 92, ஜெர்மனிக்கு 65, இந்தியாவுக்கு 40. ஓ.எம்.ஆரில் எந்த மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாலும் வெளிநாட்டு கிளையன்ட்டிடம் எப்படிப் பேசுவது என்ற பயிற்சி வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டுவார்கள். என் கருத்தில் இது ஜாதகக் கட்டம் மாதிரி. நடந்து முடிந்ததற்குப் பொருத்திக் காட்ட அருமையாக உதவும். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்று ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த 77-ம் 35-ம் ஒரே அறையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எங்கள் கிளையன்ட் ஜெர்மன்காரர்கள். வாராவாரம் நிலவர அறிக்கை போகும். எல்லாம் நலம் என்றால் பச்சை, சிக்கல் வரலாம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. பதினொரு வாரம் பச்சை போட்டோம். எனக்கு எட்டாவது வாரமே தெரியும், சொன்ன தேதிக்கு முடியாது என்று. என் டீம் லீடிடம் சொன்னேன். "இரு, ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்தா முடிச்சிடலாம். எதுக்கு ரெட் போட்டு எல்லாரையும் டென்ஷன் பண்ணிக்கிட்டு" என்றார். அவர் பொய்யர் இல்லை, நல்ல மனிதர். சிக்கலைத் தானே சமாளித்துவிட்டு முடிந்த வேலையைக் கொண்டுபோய் வைப்பதுதான் அவர் அறிந்த மரியாதை. பன்னிரண்டாவது வாரம் திடீரென்று சிவப்பு. தர்பூசணி ப்ராஜெக்ட் என்று இதைத்தான் சொல்வார்கள். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

அழைப்பில் வந்த ஜெர்மன் மேலாளர் தாமதத்தைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. எட்டாவது வாரம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்களோ, இன்னும் எத்தனை சனி, ஞாயிறு உட்காருவோம் என்று பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தோம். தேதி தவறியதுதான் தோல்வி என்று நாங்கள் நினைத்தோம். மறைத்ததுதான் தோல்வி என்று அவர் நினைத்தார். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் வேறு வேறு தோல்விக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் விளக்கம் கேட்டுக்கொண்டும் இருந்தோம்.

பார்த்தீர்களா, ஜெர்மன்காரர்கள் வெளிப்படையானவர்கள், நாம் மழுப்புகிறவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே ஜெர்மனியின் தலைநகரில் பிராண்டன்பர்க் விமான நிலையம் 2012 ஜூன் 3-ல் திறப்பதாக இருந்தது. பிரதமர் வருவதாக விழா ஏற்பாடு, அழைப்பிதழ் எல்லாம் தயார். நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லித் திறப்பை நிறுத்தினார்கள். அந்த விமான நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31-ல். அதுவரை மேலே போன அறிக்கைகளும் தர்பூசணிகள்தான். மேலே கெட்ட செய்தி ஏறாமல் நிற்பது எல்லா நாட்டு அலுவலகத்துக்கும் பொதுவான நோய். ஆனால் அது வெளியே தெரிந்தபின் வலிக்கிற இடம் மாறுகிறது. பெர்லினில் வலித்தது பல நூறு கோடி யூரோவைவிட, "நாமா இப்படி?" என்ற கேள்விதான். ஒழுங்கும் துல்லியமும் தங்கள் அடையாளம் என்று நம்பிய நாட்டில் தோல்வி நாட்டின் பேரிலேயே எழுதப்பட்டது. கடைசியில் திறந்தபோது பெரிய விழா எதுவும் வேண்டாம், சும்மா திறந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

2023-ம் ஆண்டு இந்த விஷயத்தில் ஒரு பாடசாலை மாதிரி அமைந்தது. சில மாத இடைவெளியில் மூன்று நாடுகள் தங்கள் ராக்கெட்டுகளோடு மேடையேறின.

பிப்ரவரி 17, ஜப்பானின் தனேகாஷிமா ஏவுதளம். புதிய எச்-3 ராக்கெட்டின் முதல் பயணம். முக்கிய எஞ்சின் பற்றியது. பக்கவாட்டுத் திட எரிபொருள் பூஸ்டர்கள் பற்றவில்லை. ராக்கெட் தளத்திலேயே நின்றது. செய்தியாளர் சந்திப்பில் திட்டத் தலைவர் மசாஷி ஒகாடா கண்ணீரை அடக்க முடியாமல் பேசினார். கோளாறைக் கண்டு பாதுகாப்பாக நின்றுவிட்டது, எனவே இது 'நிறுத்தம்' என்றார். ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர் விடாமல் கேட்டுவிட்டு, பொதுவாக இதைத் தோல்வி என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லி முடித்தார். அன்று இரவு இணையத்தில் ஜப்பானியர்கள் கொதித்தார்கள். யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? அந்த நிருபர் மேல். அழுதுகொண்டிருக்கும் மனிதனிடம் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்ததற்காக. 'அவமானத்துக்கு அஞ்சும் ஜப்பான்' என்ற வாய்ப்பாடு இந்த இடத்தில் சரியாக உட்காரவில்லை. ஒகாடா தன் கண்ணீரால் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார், இனி மேலே மேலே எழுதத் தேவையில்லை என்று மக்கள் நினைத்ததாகத்தான் நான் புரிந்துகொள்கிறேன். அடுத்த மாதம் மார்ச் 7-ல் உண்மையிலேயே தோற்றது. இரண்டாம் அடுக்கு பற்றாததால் ராக்கெட்டை அவர்களே அழிக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் இரண்டாவது எச்-3 வெற்றிகரமாகப் பறந்தது. இதில் சுவையான ஒரு தொடர்பு உண்டு. ஜப்பானின் தேசிய விண்வெளி அமைப்பு 1969-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அழைக்கப்பட்டவர், புல்லட் ரயில் விழாவுக்கு அழைக்கப்படாத அதே ஹிடேயோ ஷிமாதான்.

ஏப்ரல் 20, டெக்சாஸ். ஸ்பேஸ்-எக்ஸின் ஸ்டார்ஷிப் கிளம்பி நான்கு நிமிடத்தில் வெடித்துச் சிதறியது. ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பறந்தது. ஊழியர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். கோபுரத்தை விட்டு மேலே போனாலே வெற்றி என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். தோல்வி யார் பேரிலும் எழுதப்படவில்லை. ஆராய்ச்சிச் செலவு என்று எழுதிக்கொண்டார்கள். அமெரிக்கர்களே அப்படித்தான் என்று சொல்ல முடியுமா? 1986-ல் சேலஞ்சர் விண்கலம் 73 நொடியில் சிதறி 7 பேர் இறந்தபோது, அதே நாடு பொது விசாரணை வைத்தது. இயற்பியலர் ரிச்சர்ட் ஃபைன்மேன் கேமராக்கள் முன் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டை ஐஸ் தண்ணீர் டம்ளரில் முக்கி, குளிரில் அது விறைத்துப்போவதைக் காட்டினார். உயிரும் வரிப்பணமும் சம்பந்தப்பட்ட இடத்தில் அங்கே கைதட்டல் இல்லை, குறுக்கு விசாரணைதான். ஆகவே நாட்டின் குணம் என்று நாம் பேசுவதில் பாதி, யார் வீட்டுப் பணம் என்பதில் அடங்கிவிடுகிறது.

ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நம் கதைக்கு வந்துவிட்டோம். இதைச் சொல்ல 2019 செப்டம்பர் 7-க்குப் போக வேண்டும். அன்று அதிகாலை, நிலவிலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரத்தில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தது. விடிந்ததும் நாடு பார்த்த படம், இஸ்ரோ தலைவர் சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுததும் பிரதமர் முதுகைத் தட்டிக்கொடுத்ததும். நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்து விவசாயி மகன் அழுததைப் பார்த்துத் தமிழ்நாட்டில் கண்கலங்காத வீடு குறைவு. அந்தப் படத்தில் தோல்வி இல்லை, ஒரு குடும்பம் இருந்தது. பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையை அணைத்துக்கொள்ளும் குடும்பம். அப்புறம் சொந்தக்காரர்களிடம் சொல்வோமே, "மத்த பாடத்துல எல்லாம் நல்ல மார்க், கணக்குதான் கொஞ்சம்" என்று, அதுவும் நடந்தது. ஆர்பிட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எனவே திட்டம் 98 சதவீதம் வெற்றி என்றார் சிவன். முகம் சுளித்த விஞ்ஞானிகளும் உண்டு. வேகம் குறைப்பதில் கணிப்பு தவறி, இறங்க வேண்டிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் மோதி விழுந்தது என்று அந்த நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. முழு ஆய்வறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை. குடும்பம் பிள்ளையை அணைத்துக்கொள்ளும். மார்க் ஷீட்டை வெளியில் காட்டாது.

உள்ளே மட்டும் கணக்கு சரியாக எழுதப்பட்டது என்பதற்குச் சந்திரயான்-3 சாட்சி. எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று பட்டியலிட்டு, அதையெல்லாம் தாங்கும்படி வடிவமைத்தோம் என்று அப்போதைய தலைவர் சோமநாத் விளக்கினார். இறங்கும் பரப்பு பெரிதாக்கப்பட்டது, எரிபொருள் கூட்டப்பட்டது, கால்கள் வலுவாக்கப்பட்டன. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல்.

இஸ்ரோவின் இந்தப் பழக்கத்துக்கு மூலக்கதை 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கணினி நிறுத்து என்று எச்சரித்தும், வல்லுநர்களைக் கேட்டு, ஏவலாம் என்று முடிவெடுத்தவர் அவர். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்களை எதிர்கொண்டவர் தலைவர் சதீஷ் தவன். பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். கலாம் இதைச் சொல்லாத மேடை குறைவு. பற்று மூத்தவர் பேரில், வரவு இளையவர் பேரில். சோகோவுக்கு நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஜப்பானில் பழியேற்றவர் பதவியைவிட்டு வெளியேறினார். தவன் அதே நாற்காலியில் இருந்தார். பழியை ஏற்றதாலேயே அவர் மதிப்பு கூடியது.

அழகான கதை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெரியவர் பார்த்துக்கொள்வார் என்ற அதே ஏற்பாடுதான் என் டீம் லீடைப் பச்சை போட வைத்தது. தவன் மாதிரி ஒருவர் மேலே இருந்தால் அது பாதுகாப்பு. இல்லாத இடத்தில் பழி தண்ணீர் மாதிரி கீழ்நோக்கி ஓடி, கடைசியாகச் சேர்ந்த டிரெய்னி மேல் போய் நிற்கும். அந்தப் பன்னிரண்டாவது வாரத்துக்குப் பிறகு எங்கள் டீமில் மாற்றப்பட்டவர் லீடும் இல்லை, மேலாளரும் இல்லை. டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்த, வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒரு பையன்.

மன்னிப்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. நிலவில் விழுந்த லேண்டருக்கு அழுத நாம், முதல் மழைக்கே நிரம்பி வழியும் மழைநீர் வடிகாலுக்கு அழ மாட்டோம்; "எவ்வளவு அடிச்சாங்களோ" என்றுதான் கேட்போம். அந்த வடிகாலைப் போட்ட பொறியாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் இங்கே தோல்வியை எடைபோடும்போது முதலில் பார்ப்பது நோக்கத்தை. தனக்கென்று எதுவும் சேர்க்காதவர் என்று நம்பிவிட்டால் எத்தனை கோடி கடலில் விழுந்தாலும் பரவாயில்லை. அந்த நம்பிக்கை இல்லையென்றால், சொன்ன நேரத்தில் சொன்ன செலவில் முடித்தாலும் சந்தேகம்தான்.

காலத்தைப் பற்றியும் நம்மிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. திருவரங்கத்தில் தெற்கு வாசலில் விஜயநகரக் காலத்தில் தொடங்கிய கோபுரம், அடித்தளத்தோடு நின்று சுமார் 400 ஆண்டு மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்து ஜீயர் முன்னின்று அதை எழுப்பி முடித்தார். 13 நிலை, 236 அடி, 1987-ல் குடமுழுக்கு. தாமதம் எத்தனை ஆண்டு என்று யாரும் கணக்குப் போடவில்லை. தொடங்கியவர் பேரில் தோல்வி எழுதப்படவுமில்லை. நேர்ந்துகொண்டது என்றைக்காவது முடியும், யார் கையால் என்பதுதான் தெரியாது என்ற எண்ணம்.

மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் காலத்து ராயகோபுரம் இன்னும் முடியாமல்தான் நிற்கிறது. பிரமாண்டமான கல் நிலைக்கால்கள், மேலே ஆகாயம். சுற்றிலும் கடை வியாபாரம். மீனாட்சி கோயிலின் வடக்குக் கோபுரமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் நகரத்தார் ஒருவர் செலவழித்து அதைக் கட்டி முடித்தார். மற்றக் கோபுரங்களுக்குச் சமமாக இன்று வண்ணத்தோடு நிற்கிறது. வழி கேட்டால் ஊர்க்காரர்கள் இன்றும் மொட்டைக் கோபுரம் என்றுதான் கை காட்டுகிறார்கள்.